கேத்தி சரிவில் மண் எந்த மாதத்தில் ஓடுகிறது?

பவானிசாகர் அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மண் அரிப்பு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் என்னைப் பிடித்து வைத்திருப்பது நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கு. அங்கே கேரட் பிடுங்கிய வயலைப் பார்த்திருக்கிறீர்களா? மேலிருந்து கீழாகப் பாத்தி, கிளறிப்போட்ட பொலபொல மண், மேலே ஒரு புல் கூட இருக்காது. ஒரு நல்ல மழை போதும், பாத்திகளுக்கு நடுவே விரல் ஆழத்துக்கு ஓடைகள் விழுந்துவிடும். சாலையோரக் கால்வாய் சிவப்பாக ஓடும். அந்த மண் குன்னூர் ஆறு வழியாகப் பவானிக்குப் போய், 1955இல் கட்டி முடித்த அணையில் படிகிறது.

இதே இடம் ஆண்டு சராசரியில் போட்ட வரைபடத்தில் சாதுவாக, மஞ்சள் நிறத்தில் இருக்கிறது.

காரணம் கணக்கில் இருக்கிறது. யூஎஸ்எல்இ என்ற மண் அரிப்புச் சமன்பாடு மழை, மண், சரிவு, பயிர் மூட்டம் (பயிர் மண்ணை எவ்வளவு மூடியிருக்கிறது என்பது), மண் காப்பு என்பவற்றைப் பெருக்கி, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று சொல்லும். சரிவுக்கு நான் எடுப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த தரவு. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் என்பதால் சில மீட்டர் அகலப் படிமட்டங்கள் அதில் தெரியவே தெரியாது. யூகலிப்டஸ் தோப்பின் உச்சியையும் அது தரை என்றே எடுத்துக்கொள்வதால், தோப்பின் ஓரத்தில் இல்லாத செங்குத்து முளைக்கும். இவற்றையாவது கையால் திருத்தலாம்.

பயிர் மூட்டம்தான் உண்மையான சிக்கல். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம். ஆனால் ஆண்டு முழுவதையும் சராசரி எடுத்தால் மண் வெறுமையாகக் கிடந்த சில வாரங்கள் பச்சைக்குள் மறைந்துவிடும். மண் ஓடுவதே அந்த வாரங்களில்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் நிலத்தைக் கிளறி உருளைக்கிழங்கு நடுகிறார்கள். மூட்டம் கட்டி முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடுகிறது. அப்போது பார்த்து மேகம் வேறு. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், சரி, ஆனால் செங்குத்துச் சரிவில் அதன் படம் கோணிப்போகும். அதனால் இரண்டையும் சேர்த்து, மேகம் விலகிய ஒவ்வொரு நாளையும் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

பாத்தியை ஏன் குறுக்கே பிடிக்கவில்லை என்று விவசாயிகளைக் கேட்பது சுலபம். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும், போட்ட பணம் போய்விடும். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீரை வடியவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த, எந்த வயலுக்குக் கீழே, எந்த மாதத்துக்கு முன்னால் கல் தடுப்போ புல் வரப்போ வேண்டும் என்று வரைபடம் சொல்ல வேண்டும்.

கேட்பவர்கள் ஒரே தாளாகத்தான் கேட்கிறார்கள். மாதத்துக்கு ஒன்றாக 12 தாள் கொடுக்கப் போகிறேன், செப்டம்பரையும் அக்டோபரையும் மேலே வைத்து.