யாளிக்குப் பல் வரைபவன்

ஜூன் 1, 2025, ஞாயிறு

வேலூர் சத்துவாச்சாரியில் ஓவிய மாஸ்டர் வீட்டு மாடிக்குத் தம்பி இன்று யாரும் கையைப் பிடிக்காமல் ஏறினான். 19 வயது, ஆட்டிசம். டியூப்லைட் மினுக்கினால் அவனுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தேன். மாஸ்டர் அதை அணைத்துவிட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருந்தார். யாரும் வந்து மொய்க்கவில்லை. கல்யாண வீடுகளில் அவனைப் பார்த்து உச் கொட்டுவார்கள். இங்கே அவன் தாளைப் பார்க்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

கூட்டம் சேருமுன் கோட்டைக்குப் போய்விட்டோம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்தான் அவனுக்கு எல்லாம். மற்றவர்கள் மாதிரி வெளிக்கோடு போட்டுவிட்டு உள்ளே போவதில்லை அவன். முதலில் யாளியின் கடைவாய்ப் பல், அடுத்து ஈறு, அப்புறம் பிதுங்கிய கண். உடம்பு கடைசியில்தான் வரும், சில நாள் வராது. பென்சிலை பிளேடால் சீவி, சீவலை மோந்து பார்த்துவிட்டுத் தொடர்வான்.

"பையனுக்கு என்னம்மா?" என்றார் ஒரு பாட்டி.

"வரையுறான் பாட்டி."

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "குதிரைக்குக் கீழ ஒருத்தன் இருக்கானே, அவனையும் போடு கண்ணு." தம்பி குனிந்து பார்த்தான். போட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னொரு பையனின் அப்பா லண்டன் ஓவியர் ஸ்டீஃபன் வில்ட்ஷயரைப் பற்றிக் கேட்டார். ஆட்டிசம் உள்ளவர், 2005-இல் ஹெலிகாப்டரிலிருந்து டோக்கியோவைப் பார்த்துவிட்டு, நினைவிலிருந்தே 10 மீட்டர் கேன்வாஸில் வரைந்தவர். "நம்ம பசங்களுக்கும் அந்த சக்தி இருக்குமா?" அந்த ஏக்கம் புரிகிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்காது, இருந்தாக வேண்டிய அவசியமும் இல்லை. நாலு பேரோடு உட்கார அதிசயப் பிறவியாக இருக்க வேண்டுமா என்ன? என் தம்பிக்கு ஒரு தூண் போதும்.

ஜூன் 22, ஞாயிறு

எட்டாவது படிக்கும் பெண் தன் தாளை அவன் பக்கம் தள்ளி, "அண்ணா, எனக்குப் பல்லு சரியா வரல, போட்டுக் குடு" என்றாள். நிமிராமலே வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு பல்லாக, அவள் பார்க்கும்படி மெதுவாக. வீட்டில் நான் கேட்டால்கூட இப்படிப் போட்டுத் தந்ததில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது "நாக்கு" என்றான், அதை அவளே போட வேண்டும் என்று. அவள் போட்டாள்.

ஓவியங்களை ஊருக்குக் காட்ட ஒரு மண்டபம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 29-ஆம் பிரிவு கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தரச் சொல்கிறது. நாளை திங்கள், கலெக்டர் ஆபீஸில் மனு நாள். மைக் செட் கூடாது என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர்.