மாடங்களுக்காகக் கட்டிய அரங்கு

நியூயார்க்கில் பிராட்வேயும் 39ஆம் தெருவும் சந்தித்த இடத்தில் நின்ற பழைய மெட்ரோபாலிடன் ஓபரா (இசைநாடக) அரங்கின் வரலாற்றில், 1903 நவம்பர் 23ஆம் நாள் இரவுக்குத்தான் என் மனம் அடிக்கடி செல்கிறது. பொன்னிறமும் அடர்சிவப்புமாக அரங்கு புதுக்கோலம் பூண்டிருக்க, அப்பருவத்தின் முதல் நிகழ்ச்சியாக இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரிகொலெட்டோ' என்னும் ஓபரா அரங்கேறியது. அதில் மாந்துவா கோமகன் என்னும் பாத்திரமாகப் பாடியவர், அமெரிக்க மேடையில் முதன்முறையாகத் தோன்றிய முப்பது வயது நேப்பிள்ஸ்காரர் என்ரிகோ கரூசோ.

ஆனால் குதிரைலாட வடிவில் வளைந்து நின்ற 35 தனி மாடங்களில், அதாவது செல்வக் குடும்பங்களுக்குச் சொந்தமான தனி இருக்கை அறைகளில், வைரங்கள் மின்ன அமர்ந்திருந்தோரில் பலர் அவருக்காக வந்தவர்கள் அல்லர். எந்த மாடம் எவருடையது என்பது நிகழ்ச்சிக் குறிப்பிலேயே அச்சிடப்பட்டிருந்ததால், கீழே இருந்தவர்கள் அதைப் பார்த்து ஆஸ்டர், மார்கன் போன்ற பெருஞ்செல்வர்களை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. முதல் அங்கம் முடியும் தறுவாயில் வந்து, நாடகம் முடியுமுன் எழுந்து செல்வது அவர்களிடையே பெருமைக்குரிய வழக்கமாகவே இருந்தது.

இதில் வியப்பில்லை. அதற்கு முன்பிருந்த ஓபரா அரங்கான அகாடமி ஆஃப் மியூசிக்கின் 18 மாடங்களைப் பழைய செல்வக் குடும்பங்கள் விட்டுக்கொடுக்க மறுத்ததால், வாண்டர்பில்ட் போன்ற புதுச்செல்வர்கள் சேர்ந்து 1883இல் எழுப்பிய கட்டடம் அது. அதனால் மாடங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. மேடைக்குப் பின்னாலோ காட்சித் திரைகளை வைக்கக்கூட இடமின்றி, அவை ஏழாம் அவென்யூ நடைபாதையில் மழையிலும் பனியிலும் கிடந்தன. ஓவியர்கள் பாடுபட்டுத் தீட்டிய திரைகள் அவ்வாறு நனைந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

இதைவிடக் கொடியது மாடக்காரர்களின் அதிகாரம். 1907 ஜனவரி 22இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' ஓபரா மேடையேறியபோது, அது ஒழுக்கக்கேடானது என்று கட்டட உரிமையாளர்களான மாடக்காரர்கள் எதிர்த்தமையால் ஒரே நிகழ்ச்சியோடு நிறுத்தப்பட்டது. அவ்வரங்கில் அது மீண்டும் ஒலிக்க 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இசையை நேசித்து உச்சி மாடியில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த இத்தாலிய, ஜெர்மானியக் குடியேறிகளிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

கட்டட உரிமை 1940இல்தான் மாடக்காரர்களின் கையை விட்டுப் போனது. பத்து லட்சம் டாலர் திரட்டி நிகழ்ச்சிகளை நடத்திவந்த ஓபராச் சங்கமே கட்டடத்தை வாங்கியபோது, வீட்டில் வானொலி வழியே ஓபரா கேட்டுவந்த எளிய மக்களும் தம்மால் இயன்றதை அனுப்பியிருந்தார்கள்.