சினை ஊசியும் ஒரு அயர்லாந்துப் படமும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ‘ஐசொலேஷன்’ பார்த்தேன். 2005இல் வந்த அயர்லாந்துப் படம், இயக்கியவர் பில்லி ஓபிரையன். மரபணு விளையாட்டு கைமீறிப் போகும் கதை என்றால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிச் சுவர், நீல வெளிச்சம் என்றுதான் பழகியிருக்கிறோம். இதில் இருப்பது ஒரு மாட்டுப் பண்ணை. சேறு, சாணி, இருட்டு, அவ்வளவுதான். காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு மாசச் சினை மாடு அசைபோட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்த்தேன்.

டான் என்ற விவசாயிக்குப் பணமுடை. தன் மாடுகளை ஒரு மரபணு நிறுவனத்தின் சோதனைக்கு விடுகிறான். கன்றுகள் சீக்கிரம் வளர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆரம்பத்திலேயே மாட்டு டாக்டராக வரும் எஸ்ஸி டேவிஸ் சினை மாட்டுக்குள் கை விட்டுப் பார்க்கிறார். உள்ளேயிருந்து ஏதோ கடிக்கிறது.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பாஷை புரியாது, ஆனால் கன்று இழுக்கும் காட்சி வந்தபோது அம்மாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “மாடு முக்கறப்பதான் கண்ணு இழுக்கணும். ஒரேயடியா இழுத்தா கர்ப்பப்பை வெளிய வந்துரும்” என்றார், ஏதோ அந்த டானிடமே சொல்வது போல.

படத்தின் உயிரான இடம் அதற்கடுத்து வருகிறது. பிறந்த கன்றை அறுத்துப் பார்த்தால், அந்தக் கன்றே சினையாக இருக்கிறது. எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் யோசித்தால், பிறக்கும்போதே சினையாகப் பிறப்பது இயற்கையில் இருக்கிறது. அம்மா உரித்த அதே மொச்சையில் ஒட்டும் அசுவினிப் பூச்சி அப்படித்தான். ஆணே இல்லாமல் தாய் குட்டி போடும், அந்தக் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த குட்டி ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை நாலு பூச்சி தெரிந்த கொடி, ஞாயிறுக்குள் கறுத்துப்போவது அதனால்தான். பூச்சிக்கு உள்ள வேகத்தை மாட்டுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பின்பாதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தப்பித்த ஜந்துவைத் தேடி இருட்டில் ஓடுவது எல்லாப் படத்திலும் இருக்கிறது. நடிகை ரூத் நெக்கா மட்டும் கண்ணாலேயே பயத்தைக் கடத்துகிறார்.

நிஜத்தில் நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்காவில், மரபணுவைத் திருத்தி, கொம்பே முளைக்காத இரண்டு காளைக் கன்றுகளை உருவாக்கினார்கள். கொம்பைத் தீய்க்கும் வலி மாட்டுக்கு இருக்காது, நல்ல எண்ணம்தான். 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் அதில் ஒரு காளையின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்தார்கள். திருத்தத்தைக் கொண்டுபோகப் பயன்படுத்திய பாக்டீரியாவின் டிஎன்ஏவும் உள்ளே ஒட்டியிருந்தது, ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களோடு. காளை ஆரோக்கியமாகத்தான் இருந்தது. ஆனால் உருவாக்கியவர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. படத்தில் வரும் கோரத்தைவிட இந்த விஷயம்தான் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது.

ஏனென்றால் இதன் சின்ன வடிவம் ஒன்றை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நான் எட்டாவது படித்தபோது செவலை என்று ஒரு நாட்டுக் கிடேரி இருந்தது. சின்ன உடம்பு. தலையீத்து. சினை ஊசி, அதாவது காளையின் விந்தைச் செலுத்தும் ஊசி, போட வந்தவர் “நல்ல ஜாதிம்மா, பால் கறக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கன்று போடும் ராத்திரி பனிக்குடம் உடைந்து, இரண்டு முன்னங்கால் தெரிந்தது, தலை வரவில்லை. இவ்வளவு பெரிய கால்களா என்று பெரியப்பா பதறினார். விடியும்போது கன்றும் இல்லை, செவலையும் இல்லை. போட்டது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) என்ற பெரிய உடம்புச் சீமை ஜாதிக் காளையின் விந்து என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த உடம்புக்கு அதைப் போட்டிருக்கவே கூடாது. அம்மா மூன்று நாள் கொட்டாய்ப் பக்கமே போகவில்லை.

அதனால் படம் முடிந்ததும் அம்மா கேட்ட கேள்வி எனக்கு ஆச்சரியமாக இல்லை. “மாட்டுக்கு என்ன போட்டாங்கன்னு அவனுக்கு முழுசா சொன்னாங்களா?”

சொல்லவில்லை என்றேன்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஊசி போட வருகிறவர்கள் அம்மாவிடம் பதில் சொல்லாமல் கிளம்ப முடியாது. என்ன ஜாதி, எந்தக் காளை, எங்கே எடுத்தது. போட்டு முடித்ததும் விந்து இருந்த அந்த மெல்லிய குழாயைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கால் மில்லி பிடிக்கும் குழாய்தான், ஆனால் அதன் மேல் காளையின் எண் அச்சடித்திருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான் வாசித்துக் காட்டுவேன். கொட்டாயின் குறுக்குச் சட்டத்தில் ஒவ்வொரு ஈத்துக்கும் ஒன்றாக வரிசையாகச் செருகியிருக்கும். கடைசியில் இருப்பது மஞ்சள் நிறம், ஜெர்சி. இன்னும் இரண்டு மாசத்தில் கன்று.