வந்தவாசிப் போரை ஒரு பலகையில் நிறுத்துதல்: பதினான்கு மாத முயற்சியின் குறிப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களின் பொம்மை வீரர்களை ஆறு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். ரெவெல் நிறுவனத்தின் பெட்டியில் வந்த ஏழாண்டுப் போர் (1756–63) காலத்துப் பிரஷ்யக் காலாட்படை, ஸ்வெஸ்டா நிறுவனம் வெளியிட்ட, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக்கின் கிரனேடியர்கள் (உயரமான தொப்பி அணிந்த தேர்ந்த காலாட்படையினர்), பன்னிரண்டாம் சார்லஸின் சுவீடியர்கள் என அலமாரி நிறைந்தது. ஆனால் சுவீடியர்களோடு மோத ரஷ்யர்கள் இல்லை. பிரஷ்யர்களுக்கு எதிரே நிற்க ஆஸ்திரியர்கள் போதவில்லை. எல்லாம் அணிவகுப்புக்கு வந்து நின்றனவே தவிர, எதுவும் போரிடவில்லை. அதனால் சென்ற ஆண்டு, புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு போரை முழுமையாகச் செய்து முடிப்பது என்று முடிவெடுத்தேன்.

தேர்ந்தெடுத்தது 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிப் போர். ஃப்ரெடரிக் ஐரோப்பாவில் நடத்திக்கொண்டிருந்த அதே ஏழாண்டுப் போரின் ஒரு கிளைதான் இங்கே நம் வட்டாரத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்தது என்பதால், ஏற்கெனவே கையில் இருந்த பொம்மைகளில் பாதியாவது பயன்படும் என்று கணக்கிட்டேன். அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பது பின்னால் தெரிந்தது.

முதலில் எண்ணிக்கை. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் (Eyre Coote) என்பவரின் படையில் ஏறத்தாழ 1,900 ஐரோப்பியரும், 2,100 சிப்பாய்களும் (இந்தியக் காலாட்படையினர்), 1,250 உள்நாட்டுக் குதிரை வீரர்களும் இருந்தனர். பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையில் 300 குதிரை வீரர்கள் உட்பட 2,250 ஐரோப்பியரும் 1,300 சிப்பாய்களும். ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் ஆங்கிலேயர் பக்கம் 105, பிரெஞ்சுப் பக்கம் 71, ஆக 176 பொம்மைகள் வேண்டும். லாலிக்குத் துணையாக வந்த 3,000 மராத்தியக் குதிரை வீரர்கள் சண்டையில் இறங்காமல் ஒதுங்கியே நின்றுவிட்டதால் எனக்கு அறுபது குதிரைகள் மிச்சம். லாலிக்கு நேர்ந்த இழப்பு எனக்கு ஆதாயமாக முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அளவு 1/72. இந்த அளவில் 172 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். அவர் கையிலுள்ள துப்பாக்கி 22 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஆளின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான துப்பாக்கியா என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். ஆங்கிலேயக் காலாட்படையின் பழைய துப்பாக்கிக்குக் குழல் மட்டுமே 46 அங்குலம் என்பதால் அது சரியான அளவுதான்.

பிரஷ்யர்களை வந்தவாசிக்கு அழைத்துவர முடியாது என்பது முதல் மாதத்திலேயே தெளிவாயிற்று. நீலச் சட்டைக்கு மேல் சிவப்பைப் பூசிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சட்டையின் வெட்டு, கைமடிப்பின் அகலம், தொப்பியின் முன்தகடு எல்லாமே வேறு. பிரஷ்யக் கிரனேடியரின் தொப்பியில் இருப்பது உலோகத் தகடு. ஆங்கிலேயக் கிரனேடியர் அணிந்தது பூவேலை செய்த துணித் தொப்பி. சரி, அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்து ஆங்கிலேயரை வாங்கலாம் என்று பார்த்தால், அங்கே வேறொரு சிக்கல். 1768-இல் வந்த அரசாணை ஆங்கிலேயச் சீருடையை மாற்றிவிட்டது. அதற்கு முன் உள்ளங்கியும் கால்சட்டையும்கூடச் சிவப்பாக இருந்தன, பின்னர் அவை வெள்ளையாயின. கிரனேடியரின் துணித் தொப்பி கரடித்தோல் தொப்பியாயிற்று. எட்டே ஆண்டு வித்தியாசம்தான் என்றாலும், கரடித்தோல் தொப்பி அணிந்தவனை வந்தவாசியில் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே தலைமாற்று வேலையில் இறங்கினேன். அமெரிக்கப் போர்க்காலத்து உடலில் முக்கோணத் தொப்பி அணிந்த வேறு தலையை வைப்பது; கிரனேடியர்களுக்குப் பிரஷ்யத் தலையை எடுத்து, தொப்பியின் தகட்டுப் புடைப்புகளைச் சீவித் துணிபோல ஆக்குவது. இந்தப் பொம்மைகள் வளையக்கூடிய பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. முதலில் ஒட்டிய பதினொரு தலைகளும் ஒரே வாரத்தில் உதிர்ந்தன. பிறகு கழுத்திலும் தலையிலும் அரை மில்லிமீட்டர் துளையிட்டு, குண்டூசியின் துண்டைச் செருகிப் பொருத்தினேன். ஒரு தலைக்கு இருபது நிமிடம் ஆகிறது. ஆனால் இதுவரை ஒன்றும் விழவில்லை. பெட்டியிலேயே வளைந்து வந்த துப்பாக்கிகளைக் கொதிக்கும் நீரில் சில நொடிகள் முக்கி, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் இட்டால் அப்படியே நின்றுவிடுகின்றன.

வண்ணம் பூசுவதில் செய்த முதல் பிழை, கழுவாமல் பூசியது. அச்சிலிருந்து எளிதாக வருவதற்காகத் தடவும் எண்ணெய் பொம்மையின் மீது மெலிதாகப் படிந்திருக்கும். அதன் மேல் பூசிய அக்ரிலிக் வண்ணம் விரலால் தொட்டதும் தோல் உரிவதுபோல உரிந்தது. இப்போது பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலர்ந்தபின் நீர்த்த வெள்ளைப் பசையை ஒருமுறை பூசி, அதற்கு மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, பிறகுதான் வண்ணத்துக்கு வருகிறேன்.

சிவப்பு நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. கடையில் வாங்கிய பளிச்சென்ற சிவப்பை முதல் பன்னிரண்டு பேருக்குப் பூசியபோது அவர்கள் படைவீரர்களாகத் தெரியவில்லை, திருமண மண்டப வாசலில் நிற்கும் வாத்தியக் குழுவினர்போல் இருந்தார்கள். அக்காலத்தில் சாதாரண வீரனின் துணி மஞ்சிட்டி வேரின் சாயம் ஏற்றியது, சற்றே செங்கல் நிறம் கலந்தது; கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த, விலை கூடிய சுடர்ச் சிவப்பு அதிகாரிகளுக்கு உரியது. சோழமண்டலக் கரையில் நம் சாயக்காரர்கள் பருத்திக்குச் சாயவேரிலிருந்து சிவப்பேற்றிக்கொண்டிருந்த நாட்டில், இவர்கள் தங்கள் ஊர்ச் சாயத்தில் தோய்ந்த கம்பளியை வெயிலில் அணிந்து நின்றார்கள் என்பது நினைத்துப் பார்க்க வேண்டியது. இப்போது வீரர்களுக்குச் சிவப்பில் ஐந்தில் ஒரு பங்கு பழுப்பைக் கலக்கிறேன். தோள்பட்டையிலும் முதுகிலும் வெயிலில் வெளுத்ததைக் காட்ட அதே கலவையில் ஒரு துளி மஞ்சள். அதிகாரிக்கு மட்டும் கலப்பில்லாத சிவப்பு. இந்த ஒரு வேறுபாட்டாலேயே வரிசையில் அதிகாரி எங்கே நிற்கிறார் என்பது தொலைவிலிருந்தே தெரிகிறது.

இதைவிடச் சுவையான சிக்கல் எதிரணியில் இருந்தது. லாலியின் சொந்தப் பட்டாளம் பிரெஞ்சு மன்னரிடம் பணியாற்றிய அயர்லாந்துப் பட்டாளம். அந்தப் பட்டாளங்கள் அணிந்ததும் சிவப்புச் சட்டையே. லோரேன் பட்டாளம் பிரெஞ்சுக் காலாட்படைக்குரிய சாம்பல் கலந்த வெள்ளையில் நிற்க, இடது கோடியில் லாலியின் ஆட்கள் பச்சைக் கைமடிப்புடன் சிவப்பில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஆங்கிலேயரின் டிரேப்பர் பட்டாளமும் சிவப்பில். பலகையில் இரு வரிசைகளையும் வைத்தவுடன், யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எனக்கே ஒரு கணம் குழப்பம் வந்தது. புகைக்குள் நின்றவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த வரைபடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. பார்ப்பவர்களின் வசதிக்காக அயர்லாந்துக்காரர்களின் சிவப்பை மாற்றிவிடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, கொடியைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

சிப்பாய்களுக்குப் பொருத்தமான பொம்மைகள் நான் வாங்கிய பெட்டிகளில் இல்லை. ஐரோப்பிய உடல்களையே எடுத்து, தொப்பியைச் சீவி, எம்-சீலை நூல்போல உருட்டித் தலையில் சுற்றி, காய்வதற்குள் ஊசியால் மடிப்புக் கீறித் தலைப்பாகை ஆக்கினேன். முழங்காலுக்குக் கீழே இருந்த துணிக் காலுறையின் பொத்தான்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறுங்காலாக நிறம் தீட்டினேன். சென்னையில் சிப்பாய்களை முறையான பட்டாளங்களாக அமைக்கத் தொடங்கியது 1750-களின் இறுதியில்தான் என்பதால், எல்லோரையும் ஒரே சீருடையில் நிறுத்தாமல், சிலரைச் சிவப்பு மேலங்கியிலும் பலரை வெள்ளைப் பருத்தியிலும் விட்டிருக்கிறேன். இது என் ஊகம்தான். என்றாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்பதைவிட இதுவே நம்பும்படி இருக்கிறது.

நிலத்துக்காக ஒருமுறை வந்தவாசிக்குப் போய்வந்தேன். கோட்டையின் எச்சங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு கைப்பை நிறைய மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மண் எதற்கு, பரிசோதனைக்கா என்று கேட்டார். பொம்மைக்கு என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த மண்ணைச் சலித்து வெள்ளைப் பசையில் குழைத்து, மூன்றடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகையில் பரப்பினேன். ஐப்பசி மழை தொடங்கிய பத்தாம் நாள், போர்க்களம் முழுவதும் பூஞ்சை பூத்துவிட்டது. முழுவதையும் சுரண்டி எடுத்து, மீதி மண்ணை இரும்பு வாணலியில் நன்றாக வறுத்து, மறுபடி பரப்பினேன். வறுத்ததில் நிறம் சற்றுக் கருத்ததைத் தவிர வேறு குறை இல்லை.

களத்தின் உயிர்நாடி, பிரெஞ்சு இடப்புறத்தில் இருந்த வறண்ட குளத்தின் கரை. அதையே அரணாக்கி லாலி பீரங்கிகளை வைத்திருந்தார். கூட்டின் பீரங்கிக் குண்டு ஒன்று அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்து வெடித்து, ஏறத்தாழ எண்பது பேரைச் சாய்த்தது. அந்தக் குழப்பத்தில்தான் டிரேப்பரின் பட்டாளம் மேஜர் பிரெரெட்டன் தலைமையில் பாய்ந்து கரையைப் பிடித்தது. பிரெரெட்டன் அங்கேயே விழுந்தார். இழந்ததை மீட்க லாலியின் பட்டாளத்தை நடத்திவந்த பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி, குதிரை சுடப்பட்டுக் கீழே விழுந்து சிறைப்பட்டார். மறுகோடியில் லோரேன் பட்டாளம் பன்னிரண்டு பேர் அகலமுள்ள பத்தியாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய வரிசைகளாக ஓடிவர, கூட்டின் பட்டாளம் ஐம்பது கஜம் வரை காத்திருந்து சுட்டது. வலக்கோடியை இந்தப் பத்தியின் உருவிலேயே அமைத்துவிட்டேன். ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் பன்னிரண்டு பேர் அகலத்தைக் காட்ட முடியாது என்பதால், மூன்று பேர் அகலத்தில் நெருக்கி நிறுத்தியிருக்கிறேன்.

இன்றைய நிலவரம்: 176-இல் 121 முடிந்திருக்கின்றன. கூட்டின் உள்நாட்டுக் குதிரைகள் 25, லாலியின் ஐரோப்பியக் குதிரைகள் 6, சிப்பாய்கள் 24 பேர் மீதம். குளக்கரையில் தென்னம்பஞ்சும் கறுப்பு வண்ணமும் கொண்டு செய்த வெடிப்புகை, அடுப்பில் கரிந்த இட்லிபோல் இருப்பதால் அதை எடுத்துவிட்டேன். இனி இலவம்பஞ்சைப் பிரித்து, கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஆரஞ்சு நிறம் தொட்டுப் பார்க்க வேண்டும். புஸ்ஸிக்காக ஒரு குதிரையை முன்னங்கால் மடங்கி விழுவதுபோல வெந்நீரில் வளைத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்க அவர்தான் இன்னும் தயாராகவில்லை.