என்டர் தட்டிய பிறகு

மாதக் கடைசி நாள். கணக்குப் பிரிவிலிருந்து போன். “சார், வவுச்சர் எண்ணை அடிச்சு என்டர் தட்டினேன், ஸ்கிரீன் அப்படியே நிக்குது. மறுபடி தட்டட்டுமா?” வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு நேரில் போய்ப் பக்கத்தில் நின்றேன். அடுத்த வவுச்சருக்கு அவர் என்டர் தட்டியதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். பதினோரு செகண்ட். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அவர் அந்தப் பதினோரு செகண்டைக் கடக்க வேண்டும். அந்த எண்ணிக்கை எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் ஏ.எஸ்/400. 1988இல் ஐபிஎம் கொண்டுவந்த வரிசை. எங்களிடம் இருந்தது அதில் பிற்பாடு வந்த மாடல். வொர்க் சிஸ்டம் ஸ்டேட்டஸ் திரையைத் திறந்தால் சிபியு பாதிகூட ஓடவில்லை. மெமரியைப் பூல் என்று பல பங்குகளாகப் பிரித்திருப்பார்கள். அதில் பொதுப் பங்கான பேஸ் பூலில் பேஜ் ஃபால்ட், அதாவது தேவையான பக்கம் (மெமரியின் சிறு துண்டு) அங்கே இல்லாமல் டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டிய நிலை, எகிறிக்கொண்டிருந்தது. எஃப்10 அழுத்தி அந்த எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கி, சில நிமிடம் பொறுத்துப் பார்த்தாலும் அதே கதைதான்.

“இன்டராக்டிவுக்கு பிரையாரிட்டி 20, பேட்சுக்கு 50. அப்புறம் எப்படி சார் பேட்ச் இவங்களை முந்தும்?” என்று ஆபரேட்டர் தம்பி கேட்டார். திரை முன்னால் ஆள் உட்கார்ந்து செய்வது இன்டராக்டிவ்; ஆள் இல்லாமல் பின்னால் மொத்தமாக ஓடுவது பேட்ச். எண் சிறியதாக இருந்தால்தான் முதல் இடம் என்பதால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுவரை நானும் அதை நம்பித்தான் இருந்தேன். பிரையாரிட்டி என்பது பிராசசருக்கான வரிசை மட்டுமே. மெமரியில் யாருடைய பக்கம் தங்கும், யாருடையது வெளியேறும் என்பதில் அதற்குப் பேச்சே கிடையாது.

நடந்தது இதுதான். மாத முடிவு பேட்ச் ஜாப், லெட்ஜர் ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விடும். ஆனாலும் வரும்போது இன்னொருவர் பக்கத்தை வெளியே தள்ளிவிட்டுத்தான் வருகிறது. கணக்குப் பிரிவு அம்மா அந்த நேரத்தில் கையிலிருக்கும் காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், தொகையைச் சரிபார்க்கிறார். அவர் யோசிக்கும் அந்த அரை நிமிடம் மெஷினுக்கு வெறும் சும்மா இருப்பு. அதனால் வெளியேற்றப்படுவதில் அவருடைய பக்கங்களே முதலில். டிஸ்கிலிருந்து ஒரு பக்கம் எடுக்க 10 மில்லிசெகண்ட் என்று வைத்தால், ஆயிரம் பக்கத்துக்கு 10 செகண்ட். ஒரு பக்கம் 4 கேபி; ஆகமொத்தம் 4 எம்பிதான். அந்தச் சின்ன அளவுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

இன்டராக்டிவைத் தனிப் பூலுக்கு மாற்றினேன். மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. இன்டராக்டிவ் வேலைகள் ஓடும் க்யூஇன்டர் சப்சிஸ்டத்தில் பூலைச் சேர்த்திருந்தேனே தவிர, வேலை எந்தப் பூலுக்குப் போகும் என்று சொல்லும் ரவுட்டிங் என்ட்ரி பழைய பூலையே காட்டிக்கொண்டிருந்தது. சப்சிஸ்டத்துக்குள் 2 என்று இருக்கும் பூல், சிஸ்டம் அளவில் வேறொரு எண்ணில் இருக்கும். இதில் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை. அதைத் திருத்திய பிறகும், ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள் சைன் ஆஃப் செய்து திரும்ப வந்தபோதுதான் புதிய பூலுக்குப் போனார்கள்.

பிறகு ஆர்வக்கோளாறில் அந்தப் பூலுக்கு மெமரியை அள்ளிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதெல்லாம் பேஸிலிருந்துதான் போகும். பேட்ச் இருப்பதும் அங்கேதான். விடிவதற்குள் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போய், ஆட்கள் வந்து உட்காரும் நேரத்தில் டிஸ்கை உலுக்கிக்கொண்டிருந்தது. யாரைக் காப்பாற்ற நினைத்தேனோ அவர்கள் தலையிலேயே அது விடிந்தது.

தீர்வு பேட்ச் பக்கத்திலிருந்து வந்தது. பேட்ச் வேலைகளை வரிசையில் நிறுத்தி உள்ளே விடும் ஜாப் க்யூ ஒரே நேரத்தில் 5 ஜாப்பை விட்டுக்கொண்டிருந்தது. அதை 2 ஆக்கினேன். ஐந்தும் முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தன. ஐந்தும் ஒன்றுக்கொன்று பக்கங்களைப் பிடுங்கி, பிடுங்கியதைத் திரும்பப் படிப்பதிலேயே நேரத்தைக் கரைத்திருக்கின்றன. கம்ப்யூட்டர் விஞ்ஞானி பீட்டர் டென்னிங் 1968லேயே இந்தத் திணறலை, அதாவது த்ராஷிங்கை, விளக்கி எழுதியிருக்கிறார். எனக்கு அது அன்றைக்கு இரவுதான் உறைத்தது.

ஸ்பூல் (பிரிண்ட் எடுப்பது) போன்ற பின்னணி வேலைகளுக்குச் சின்னப் பூல் போதும். சிஸ்டத்தின் சொந்த வேலைகளுக்கான மெஷின் பூலில் மட்டும் கை வைக்கவே கூடாது. அங்கே ஃபால்ட் ஏறினால் எல்லா வேலையும் சேர்ந்து படுக்கும்.

கடைசியாக ஒரு சிக்கல். பூல்களுக்கு மெமரியைத் தானாகவே பங்கிடும் ஆட்டோ அட்ஜஸ்ட் போட்டிருந்தோம். இரவில் திரை முன்னால் ஆள் இல்லாததைப் பார்த்து அது மெமரியையெல்லாம் பேட்சுக்குக் கொடுத்துவிடும். அது சரிதான். ஆனால் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பித் தரும். முதலில் வந்து உட்காருபவர் மாட்டிக்கொள்வார். ஷேர்டு பூல் திரையில் எஃப்11 அழுத்தி, இன்டராக்டிவ் பூலுக்குக் குறைந்தபட்ச சதவீதம் ஒன்றை வைத்தேன். ராத்திரி முழுக்க அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது, பேட்சுக்காகக் குறைக்கலாமே என்று பலமுறை கேட்டார்கள். அங்கே இருந்தவரை நான் குறைக்கவில்லை.