பற்கூழைப் பாடமாக்காதேங்கோ

பல் மருத்துவம் படிக்கிற எங்கட வன்னிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுறன். பற்கூழை, அதுதான் பல்லுக்குள்ள நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுற மெல்லிய இழையத்தை, நான் அட்டவணை அட்டவணையாய்ப் பாடமாக்கிக்கொண்டு போனன். வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில, "வேற இடத்தில லேசாய் ஆறுற அழற்சி பல்லுக்குள்ள ஏன் ஆறக் கஷ்டப்படுது?" எண்டு கேட்டினம். எனக்கு வாய் வரேல்ல.

அந்த விடுமுறைக்கு மாங்குளத்தில இறங்கி மல்லாவிக்குப் போனால், அம்மம்மாவுக்குச் சூத்தைப் பல். "முதல்ல குளிர்தண்ணி பட்டாக் கூசும், உடன விட்டிடும். பிறகு தேத்தண்ணி குடிச்சா கனநேரம் நிண்டு குத்தும். ராவில விண்விண் எண்டு இடிக்கும், எந்தப் பல் எண்டே தெரியாது. கராம்பு வைச்சன், இப்ப சுகமடா" எண்டா.

முழுப் பாடமும் அதுக்குள்ள இருந்துது. கூழைச் சுத்தியிருக்கிற கெட்டிப் படைதான் டென்ரீன். அதின்ர நுண்குழாய்களில திரவம் அசைய ஏ-டெல்ரா எண்ட வேகமான நரம்பு நார்கள் துடிக்கும். அதுதான் உடன விடுற கூச்சம். அந்த நேரம் சூத்தையை எடுத்து அடைச்சிருந்தால் கூழ் தப்பியிருக்கும். சூட்டுக்கு நிண்டு குத்துறதும், தானாய் இடிக்கிறதும் சி நார்கள் எண்ட மெதுவான நரம்பு நார்களின்ர வேலை, அனேகமாய் மீளாத அழற்சி. கூழுக்கு இடம் சொல்லத் தெரியாது. நோய் வேர்நுனி தாண்டிப் பல்லைத் தாங்குற நாரைத் தொட்டால்தான் தட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டலாம்.

என்னைப் பயப்படுத்தினது அந்த "இப்ப சுகம்"தான். குளிர்ப்பஞ்சு வைச்சுப் பார்த்தன், உணர்வே இல்லை. கூழ் செத்துப்போச்சு.

வைவாக் கேள்விக்கும் விடை அதில இருக்கு. கூழ் கல்லுச் சுவருக்குள்ள இருக்கிற மெல்லிய இழையம், வீங்க இடமில்லை, இரத்தம் முக்கியமாய் வேர்நுனித் துவாரத்தாலதான் வந்து போகுது. ஆனால் முழுக் கூழும் ஒரேயடியாய் நெரிபட்டுச் சாகும் எண்டு எழுதிப் போடாதேங்கோ, அது பழைய விளக்கம். அழுத்தம் கிருமி தொட்ட மூலையிலதான் ஏறும், அழிவு அங்கயிருந்துதான் பரவும்.

கூழ் சும்மா இருந்து சாகிறதும் இல்லை. மெல்லமாய் வாற சூத்தைக்கு, உயிரோட இருக்கிற ஓடொன்ரோபிளாஸ்ற்றுகள், அதாவது டென்ரீன் கட்டுற கலங்கள், புது டென்ரீன் போட்டுச் சுவரைத் தடிப்பாக்கும். அவையும் செத்தால் மூலக்கலங்களில இருந்து வேற கலங்கள் வந்து அந்த வேலையை எடுக்கும். 1965இல ககேஹாஷியும் கூட்டாளிகளும் எலிகளின்ர கூழைத் திறந்துவிட்டுப் பார்த்தவை. சாதாரண எலிகளில கூழ் அழுகிச்சு. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில, சாப்பாடு அடைஞ்சிருந்தும், டென்ரீன் பாலம் கட்டி ஆறிச்சு. திறந்த கூழை மூடுற கூழ்மூடி அடைப்பு, எச்சில் படாமல் பல்லைச் சுத்திப் போடுற ரப்பர் விரிப்பான ரப்பர் டாம், கசியாத நிரப்பல் எல்லாம் கிருமியை வெளியில வைக்கத்தான். அதுகளுக்கு முதல் இந்த எலிப் பரிசோதனையைப் படியுங்கோ.