மலையிலும் அடிவாரத்திலும் ஒரே காகிதம்: எங்கள் அலுவலகத்துக்கு ஆவணத் தளம் தேர்ந்தெடுத்த அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் அலுவலகம், ஏற்காட்டு மலையிலுள்ள மூன்று காப்பித் தோட்டங்களின் கணக்கையும் காகிதங்களையும் பார்த்துக்கொள்கிறது. இங்கே ஒன்பது பேர் வேலை செய்கிறோம். மேலே தோட்ட அலுவலகத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு காகிதம் அவசரமாக வேண்டுமென்றால், மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவதும், அதன் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும்தான் நெடுங்காலமாக எங்கள் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கம் இனி உதவாது என்பது ஒரு அறுவடைக்குச் சற்று முன்பு புரிந்தது. எங்கள் காப்பியை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர், ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய நில ஆவணங்களையும் எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரங்களையும் கேட்டிருந்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்பு எதிர்ப்பு விதிமுறை, காப்பி உள்ளிட்ட ஏழு விளைபொருள்களைப் பற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் அப்பொருள் விளையவில்லை என்று நில அடையாளத்தோடு காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமாக இருந்தால் நடுவில் ஒரு புள்ளி போதாது, சுற்றெல்லை முழுவதையும் கொடுக்க வேண்டும். எங்களிடம் இவை அனைத்தும் இருந்தன. ஆனால் பட்டா நகல் அலுவலக பீரோவிலும், நில அளவை வரைபடமான புலப்படம் தோட்டத்து எழுத்தரான ரைட்டர் அண்ணனின் கைப்பேசியிலும், வில்லங்கச் சான்று முதலாளி ஐயாவின் சொந்த மின்னஞ்சலிலும், சர்வேயர் எடுத்துக் கொடுத்த எல்லைப் புள்ளிகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்தக் கணக்கிலும் கிடந்தன. அவர் நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து தேடி எடுத்து அனுப்பினார். அவர் மனம் வைத்திராவிட்டால் எங்கள் நிலத்தின் அளவை நாங்களே மறுபடியும் பணம் கொடுத்து எடுத்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான், எல்லாக் காகிதங்களையும் ஒரே இடத்தில் வைத்துத் தேடி எடுக்கக்கூடிய ஆவணத் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஐயா என்னிடம் கொடுத்தார். நான் கணினி படித்தவள் அல்ல, கணக்கு படித்தவள். ஆகவே தளங்களின் விளம்பரக் கையேடுகளை வாசிப்பதற்கு முன்னால், எங்கள் காகிதங்கள் எப்படிப்பட்டவை என்பதைப் பார்க்கத் தொடங்கினேன். மொத்தக் கோப்புகளிலிருந்து மிகவும் தொல்லை தரக்கூடிய பத்தைத் தேர்ந்தெடுத்தேன். பழுப்பேறிய கிரயப் பத்திரத்தின் ஸ்கேன், கையால் எழுதிய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பக்கம், முப்பது தாள்கள் கொண்ட எக்செல் கூலிக் கணக்கு, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதம் என்று அந்தப் பத்தும் ஒவ்வொரு வகை. எந்தத் தளத்தைப் பார்த்தாலும் இந்தப் பத்தையும் அதில் ஏற்றி, தேடி, திருத்தி, திரும்ப எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். இந்த ஒரு முடிவு எனக்கு மிச்சப்படுத்திய காலம் அதிகம். விற்பனையாளர்கள் காட்டும் மாதிரிக் கோப்புகள் எல்லாத் தளங்களிலும் அழகாகவே திறக்கின்றன. நம்முடைய கோப்புகளை ஏற்றிய பிறகுதான் வேறுபாடு தெரிகிறது.

நாங்கள் எடுத்துக்கொண்டவை நான்கு: கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365-இன் ஷேர்பாயின்ட், ஜோஹோ ஒர்க்டிரைவ், சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட்.

முதல் சிக்கல் தளங்களைச் சேர்ந்ததே அல்ல, எங்கள் கோப்புகளைச் சேர்ந்தது. 2010-க்கு முந்தைய எங்கள் தமிழ்க் கடிதங்களில் பெரும்பாலானவை பாமினி, வானவில் ஆகிய எழுத்துருக்களில் அடித்தவை. திரையில் 'தோட்டம்' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். அந்தக் கோப்பை உலகத்தின் மிகச் சிறந்த தேடுபொறியில் ஏற்றினாலும் 'தோட்டம்' என்று தேடினால் கிடைக்காது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தேடல் என்ற பேச்சுக்கு இடமுண்டு. யூனிகோடிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் உள்ளிடலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் சமமாகக் கருதும்படி எழுதப்படாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். எங்கள் கணினிகளில் ஒன்றில் பழைய விசைப்பலகை மென்பொருள் இருந்ததால், ஒரே பெயர்போலத் தோன்றும் இரண்டு கோப்புகள் ஒரே அடைவில் இருந்ததைக் கண்டபோது, என் கண்ணையே நான் சந்தேகித்தேன்.

அடுத்தது வேற்றுமை உருபு. 'ஏற்காடு' என்று தேடினால் 'ஏற்காட்டில்' என்று எழுதிய பத்திரம் வருவதில்லை, ஏனென்றால் கணினித் தேடல் பொதுவாக எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. நம் மொழியிலோ உருபு சேரும்போது சொல்லின் வாலே மாறிவிடுகிறது. ஷேர்பாயின்டில் சொல்லின் முற்பகுதியை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி இட்டுத் தேடலாம் என்பது இங்கே பெரிதும் உதவியது. 'ஏற்கா' என்று எழுதிக் குறியை இட்டால் இரண்டும் வந்துவிடுகின்றன. இப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் தேடுகிறார்கள்.

ஸ்கேன் செய்த காகிதத்திலுள்ள எழுத்தைப் படிப்பது தனி வேலை. படக் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் அச்சுத் தமிழ் உரையாகக் கிடைக்கும். இது நமக்கு உண்மையிலேயே பெரிய வசதி. டெசராக்ட் என்ற கட்டற்ற ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும்) மென்பொருளும் தமிழைப் படிக்கும். அதை அலுவலகக் கணினியிலேயே ஓட்டி, படத்துக்குப் பின்னால் உரை ஒளிந்திருக்கும் பிடிஎஃப் கோப்பாக மாற்றிக்கொள்ள முடியும். அதனால் ஓசிஆர் எந்தத் தளத்தில் சிறப்பு என்ற கேள்வியை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். ஏற்றுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட்டால், எந்தத் தளமாக இருந்தாலும் தேட முடியும். கையெழுத்துச் செக்ரோலை மட்டும் எதனாலும் நம்பும்படி படிக்க முடியவில்லை. அதற்கு மாதம், ஆண்டு, தோட்டப் பிரிவு ஆகியவற்றை ஆள் உட்கார்ந்து பதிவு செய்வதே வழி.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் எங்கள் தேர்வைத் தீர்மானித்தது அதுதான். நில ஆவணத்துக்குப் புல எண்தான் அடையாளம். 112/3ஆ என்று சாய்கோடு போட்டுத்தான் எல்லோரும் எழுதுகிறோம். பட்டாவிலும் அப்படித்தான் இருக்கிறது. கோப்பின் பெயரிலோ சாய்கோட்டுக்கு இடமில்லை, விண்டோஸிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. அதனால் ஒருவர் 112-3ஆ என்றும், இன்னொருவர் 112_3ஆ என்றும், மற்றொருவர் 112.3ஆ என்றும் பெயர் வைத்திருந்தார். ஒரே புல எண்ணுக்குரிய ஐந்து காகிதங்கள் ஐந்து விதமாகக் கிடந்தன. முழு விவரத்தையும் தமிழில் எழுதிவிடலாம் என்று முயன்றபோது இன்னொரு தடை வந்தது. லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், 'கி' போன்ற உயிர்மெய்யோ இரண்டு குறிகள் சேர்ந்தது என்பதால் ஆறு பைட். 'ஏற்காடு வட்டம்' என்று தொடங்கி, கிராமம், புல எண், உரிமையாளர் பெயர், ஆவண வகை என்று எழுதிக்கொண்டே போனால் ஐம்பது எழுத்து வருவதற்குள் எல்லை வந்துவிடும். நெக்ஸ்ட்கிளவுட்டை லினக்ஸ் கணினியில் நிறுவிப் பார்த்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம்.

கோப்பின் பெயரிலேயே எல்லாத் தகவலையும் திணிக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷேர்பாயின்ட் நூலகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் கட்டங்கள் அமைத்துக்கொள்ளலாம்: கிராமம், புல எண், ஆவண வகை, காலாவதி நாள். அந்தக் கட்டத்தில் 112/3ஆ என்று பட்டாவில் உள்ளபடியே எழுதலாம். எங்கள் சிட்டா அடங்கல் பேரேட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பட்டியல் உடனே பிடிபட்டது. அடைவுக்குள் அடைவாகத் தேடிப் போவதைவிட இது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

மலையில் இணைய இணைப்பு இன்னொரு பெரிய கேள்வி. மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால் ஒரு நாள், இரண்டு நாள் இணைப்பு இருக்காது. ரைட்டர் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மேடம், மழை பெய்யற அன்னிக்குத்தான் எனக்கு இது வேணும். வெயில் அடிக்கிற அன்னிக்கு நானே பஸ் ஏறி வந்துடுவேன்." நான்கு தளங்களிலும் கோப்புகளைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இணைப்பு இல்லாத நேரத்தில் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் ஒரே கூலிக் கணக்கைத் திருத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் சோதிக்க வேண்டும். வேண்டுமென்றே தோட்டத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டு பக்கமும் திருத்திப் பார்த்தோம். ஒரு தளத்தில் இரண்டு பிரதிகள் உருவாகி, இரண்டும் பெயரோடு நின்றன. இன்னொன்றில் மேலே செய்த திருத்தம் பழைய பதிப்புகளின் வரிசையில் போய் ஒதுங்கிவிட, அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஆகவே கூலிக் கணக்கை எடுப்பவர் பூட்டி எடுத்துக்கொண்டு, முடித்ததும் திரும்ப வைக்கும் முறையைக் கட்டாயமாக்கினோம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போன்ற அந்த ஏற்பாடு ஷேர்பாயின்டில் இயல்பாகவே இருந்தது. இணைப்பு போவதற்கு முன்பே அண்ணன் கோப்பைப் பூட்டி எடுத்துவைத்துக்கொள்கிறார். கீழே இருக்கும் எங்களுக்கு அது அவர் கையில் இருப்பது தெரிந்துவிடுகிறது.

ஊழியர் விலகினால் கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கூகுளில் 'என் டிரைவ்' பகுதியில் உள்ள கோப்பு அதை உருவாக்கியவரின் கணக்கைச் சேர்ந்தது. பகிர்வு டிரைவில் வைத்தால் அது நிறுவனத்துக்கு உரியது. ஜோஹோவில் குழு அடைவுகள், ஷேர்பாயின்டில் தள நூலகங்கள் இதே வேலையைச் செய்கின்றன. வசதி எல்லாவற்றிலும் உண்டு, பழக்கம்தான் வர வேண்டும். அழிந்த கோப்பை மீட்கும் கால அளவையும் பார்த்தோம். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள், அதற்குப் பிறகு நிர்வாகி மீட்பதற்கு மேலும் 25 நாள். ஷேர்பாயின்டில் மொத்தம் 93 நாள். எங்களிடம் ஒரு கோப்பு காணாமற்போனது பெரும்பாலும் காலாண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியவரும் என்பதால் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பு இருந்தது. ஜோஹோவின் இந்தியத் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் இருப்பது ஐயாவுக்குப் பிடித்திருந்தது. தொழிலாளர்களின் ஆதார் நகல்களைப் பற்றி அவர் மிகவும் கவனமாக இருப்பவர். அந்த நகல்களை மூன்று பேர் மட்டும் பார்க்கும் தனி நூலகத்தில் வைப்பது என்று முடிவாயிற்று.

நெக்ஸ்ட்கிளவுட்டை விட்டுவிட்டது எனக்கு வருத்தம்தான். உரிமக் கட்டணம் இல்லை, தரவு நம் அறையிலேயே இருக்கும். கணினி, யூபிஎஸ், இரண்டாவது வட்டு ஆகியவற்றை வாங்கிவிடலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் நிறுவிப் பார்த்துக்கொள்ளும் ஆள் எங்களிடம் இல்லை. அப்படி ஒருவர் இருக்கும் அலுவலகம் அதையே முதலில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கடைசிச் சோதனை, வெளியேறுவது. அறுநூறு கோப்புகளை ஏற்றி, பிறகு அனைத்தையும் இறக்கிப் பார்த்தோம். கூகுள் டாக்ஸில் உருவாக்கியவை வேர்டு வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் வெளியே வரும். ஷேர்பாயின்டிலிருந்து பிடிஎஃப் கோப்புகள் அப்படியே வரும், ஆனால் நாங்கள் பாடுபட்டு நிரப்பிய கட்டங்கள் கோப்போடு வராது. அவற்றைப் பட்டியலாகத் தனியே இறக்க வேண்டும். இது தெரிந்தேதான் ஷேர்பாயின்டை எடுத்தோம். அலுவலகத்தில் ஏற்கெனவே எக்செலுக்காக மைக்ரோசாஃப்ட் சந்தா இருந்ததும் ஒரு காரணம். மாதக் கடைசி வேலை நாளில் அந்தப் பட்டியலையும் கோப்புகளின் பிரதியையும் ஒரு வட்டில் இறக்கி ஏற்காட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்; தோட்ட அலுவலகத்து இரும்புப் பெட்டியில் அது இருக்கிறது.

பழைய கோப்புகள் முழுவதையும் ஒரேயடியாக ஏற்றவில்லை. நில ஆவணங்கள் முதலில், பிறகு ஜிஎஸ்டி சட்டப்படி 72 மாதம் வைத்திருக்க வேண்டிய கணக்குகள், அதன்பின் செக்ரோல் என்று வரிசைப்படுத்தினோம். அதற்கே நான்கு மாதம் ஆயிற்று. வானவில் எழுத்துருக் கடிதங்களில் பாதிதான் இதுவரை யூனிகோடுக்கு மாறியிருக்கின்றன. மீதியை நானும் மலையில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தியும் சனிக்கிழமை மதியங்களில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ஏற்றுமதியாளர் மறுபடியும் இரண்டு புல எண்களுக்கு எல்லைப் புள்ளிகளைக் கேட்டார். ரைட்டர் அண்ணன் மலையிலிருந்தே எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் எனக்குத் தகவல் சொன்னார்.